அட்டையில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று மட்டும் இருந்தால்

லேபர் வார்டு நர்ஸ், கடலூர்:
குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, பிரசவ வலியின்போது தாய்க்குப் பென்சிலின் ஊசி போடுவோம். ஆனால் சிலரின் தாய் சேய் நல அட்டையில் சிவப்பு மையில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று இருக்கும், என்ன ஆனது என்று ஒரு வரி இருக்காது. “ஊசி போட்டு எவ்வளவு நேரத்துல, என்ன வந்துச்சும்மா?” என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. குமட்டல், வயிற்றுப்போக்கு, ‘எங்கம்மாவுக்கு ஒத்துக்காது’ இதெல்லாம் குறைந்த ஆபத்து. டாக்டர் பென்சிலினுக்குப் பதில் செபசோலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதுவார்: முதலில் 2 கிராம் நரம்பில், பிறகு பிரசவம் வரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். அரை மணிக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு முட்டல், பிரஷர் இறக்கம், அல்லது எப்போதாவது தோல் உரிந்தது என்றால் செபசோலின் வேண்டாம்.

லேப் டெக்னீஷியன், புதுச்சேரி:
அப்போதுதான் எங்கள் ரிப்போர்ட் தேவைப்படும். 36, 37 வாரத்தில் ஒரே ஸ்வாபை (பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரி) முதலில் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியிலும், பிறகு ஆசனவாய்க்குள்ளும் எடுக்க வேண்டும். ஆசனவாயை விட்டுவிட்டால் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பலருக்குத் தவறிப்போகும். ஸ்லிப்பில் பென்சிலின் அலர்ஜி என்று தயவுசெய்து எழுதுங்கள். எழுதினால்தான் கிளிண்டாமைசின் என்ற மாற்று மருந்து அந்தக் கிருமிக்குக் கேட்குமா என்று பார்ப்போம், அதுவும் டி டெஸ்டோடு. கிருமி வளரும் தட்டில் கிளிண்டாமைசின் வட்டிலிருந்து (மருந்து தோய்த்த சிறு காகித வட்டு) எரித்ரோமைசின் வட்டை 12 மி.மீ. தள்ளி வைப்போம். அந்தப் பக்கம் கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தட்டையானால், வளையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மருந்து கேட்காது. ரிப்போர்ட் 5 வாரத்துக்குச் செல்லுபடியாகும்.

லேபர் வார்டு நர்ஸ், கடலூர்:
கிளிண்டாமைசின் கேட்டால் 900 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. கேட்காவிட்டாலோ ரிப்போர்ட்டே இல்லாவிட்டாலோ வான்கோமைசின், கிலோவுக்கு 20 மி.கி. 60 கிலோ அம்மாவுக்கு 1,200 மி.கி.; அரை மணிக்கு 500 மி.கி. கணக்கில் ஒன்றேகால் மணி நேரம் ஓட வேண்டும். அவசரத்தில் டிரிப்பைத் திறந்துவிட்டால் கழுத்து, முகம் சிவந்து அரிக்கும். அதைப் பார்த்து அட்டையில் இன்னொரு ‘அலர்ஜி’ ஏறிவிடும்!

குழந்தைகள் வார்டு டாக்டர், புதுச்சேரி:
ஒன்று சேர்க்கிறேன். பென்சிலின், ஆம்பிசிலின், செபசோலின் பிரசவத்துக்கு 4 மணி நேரம் முன்பே போயிருந்தால்தான் குழந்தைக்குப் போதிய பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வோம். கிளிண்டாமைசின், வான்கோமைசின் இரண்டும் தாய்க்குப் போட்டிருந்தாலும் எங்கள் கணக்கில் முழுசாகச் சேராது. குழந்தை நன்றாகவே இருந்தாலும் 36 முதல் 48 மணி நேரம் கண்காணிப்பு. முனகல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, பால் மறுப்பு, உடம்பு சில்லிடல் பார்க்க வேண்டும். முன்கூட்டியே 36 வாரத்தில் மாத்திரை கொடுத்துக் கிருமியை ஒழிக்கப் பார்ப்பதில் பயனில்லை, பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும்.