புதுப்பிப்பு: பாம்பன் சிப்பிக் கடை, உத்யம் பதிவோடு முடியவில்லை

தங்கையோடு சேர்ந்து பாம்பனில் சிப்பி அலங்காரப் பொருள் கடை போடப்போகிறேன், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) மட்டும் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதிவு முடிந்தது. ஆதாரும் பானும் போதும், கட்டணமே கிடையாது (இதற்கு 1,500 ரூபாய் கேட்டார் ஒரு புண்ணியவான்). உள்மாநில விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை. நமக்கு அது கனவு.

சிக்கல் வந்தது சரக்கில். மொத்த வியாபாரி அனுப்பிய மூட்டையைப் பிரித்தால், சோழிகளுக்கு நடுவே பவளத் துண்டுகள், காய்ந்த கடல்குதிரை நாலு. கேட்டால், "செத்து ஒதுங்குனதுதானே தம்பி" என்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. பவளம், கடல்குதிரை, கடலட்டை எல்லாம் 2001 முதல் அந்தச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் பட்டியலில் இருக்கின்றன. செத்ததானாலும் விற்கக் கூடாது. சில சங்கு, சிப்பி வகைகளும் அதில் உண்டு. திருப்பி அனுப்பலாமா என்று பார்த்தேன், வழியில் பிடித்தால் யார் பதில் சொல்வது? பயந்துகொண்டேதான் வனத்துறையில் ஒப்படைத்தேன்.

அப்புறம் வியாபாரியை மாற்றிவிட்டேன். இப்போது பில்லில் ஒவ்வொரு வகையின் பெயரும் எழுதியிருந்தால்தான் மூட்டையை இறக்குகிறோம். கடைத் திறப்பு பத்து நாள் தள்ளிப்போகிறது.