வைட்சைட்ஸின் ரப்பர் விரல்: பழகிப் பார்த்தவர்கள் சொல்கிறோம்

நான் மெக்கானிக்கல் படித்தவன். ரோபோ என்றால் மோட்டார், கியர், சென்சார் என்றே மனதில் இருந்தது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு எங்கள் கைடு ஓர் ஆய்வுக் கட்டுரை கொடுத்தார். ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு 2011-இல் வெளியிட்டது. நட்சத்திர மீன் போல ஒரு ரப்பர் பிடிப்பான், பச்சை முட்டையை உடைக்காமல் தூக்குகிறது. மயக்க மருந்து கொடுத்த சுண்டெலியையும் தூக்குகிறது! உள்ளே இருப்பது காற்று மட்டும்.

நாங்கள் ஒரு விரல் மட்டும் செய்தோம். எகோஃப்ளெக்ஸ் என்ற மென்மையான சிலிக்கோன் ரப்பரின் ஏ, பி என்ற இரண்டு திரவங்களையும் சம அளவு கலந்து, 3டி பிரிண்டரில் எடுத்த அச்சில் ஊற்றி, நாலு மணி நேரம் விட்டால் இறுகிவிடும். விரலுக்குள் வரிசையாகக் காற்றறைகள். சூட்சுமம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கட்டுரையில் அங்கே எளிதில் நீளாத பிடிஎம்எஸ் (இன்னும் விறைப்பான ஒரு சிலிக்கோன்) அடுக்கு, நாங்கள் அதற்குப் பதில் காகிதத்தைப் புதைத்தோம். சிரிஞ்சால் காற்றை ஏற்றினால் மேல்பக்கம் உப்பி நீள்கிறது, அடிப்பக்கம் நீள முடியாமல் இழுத்துப் பிடிக்கிறது, விரல் மடங்குகிறது. ஒரு வரி புரோகிராம் கூட எழுதவில்லை. வளைவதற்கான கணக்கு முழுக்க அந்த ரப்பரிலேயே இருக்கிறது.

---

தம்பி, வைட்சைட்ஸ் அடிப்படையில் வேதியியல்காரர். நீங்கள் சொல்லும் கட்டுரையின் தலைப்பே வேதியியலாளருக்கான மென் ரோபோவியல் என்பதுதான். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது பிடிஎம்எஸ்ஸில் முடி அளவு கால்வாய்கள் வார்த்துத் திரவம் ஓட்டியிருக்கிறேன். அவர் குழு 1990-களில் வளர்த்த மென் லித்தோகிராஃபி, அதாவது ரப்பர் அச்சால் நுண்ணிய வடிவங்களை உருவாக்கும் முறைதான் அது. அந்தக் கால்வாயைப் பெரிதாக்கிக் காற்றை விட்டால் உங்கள் விரல் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றும். அதே 2011-இல் வந்த நாலு கால் ரோபோவையும் பாருங்கள். தரைக்கு 2 செ.மீ. மேலே வைத்த கண்ணாடித் தகட்டுக்கு அடியில் உடம்பைத் தாழ்த்தி நுழைந்து போகும்.

---

சார், நான் பேக்கிங் லைன் ஆட்டோமேஷனில் இருக்கிறேன். முட்டை, தக்காளி வீடியோவெல்லாம் அழகுதான். அட்டைப்பெட்டிக்கு இன்றும் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் கப் போதும், விலையும் குறைவு. பன், கேக் மாதிரி துளைத்துளையான, அமுங்கும் சரக்குக்குத்தான் ரப்பர் விரல் கைகொடுக்கிறது. அதிலும் இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கச் சொன்னால் கொஞ்சம் ஆடும். சரி, முதலில் எழுதிய தம்பியிடம் ஒரு கேள்வி: காகிதம் ஒட்டிய விளிம்பு எவ்வளவு நாள் காற்றைத் தாங்கியது? எங்களிடம் முதலில் கசிவது அந்த இடம்தான்.