உள்ளூர் அமைப்பு மூலம் ஆய்வுக்கு ஆட்களைச் சேர்ப்பது எப்படி?

மருதம் (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் பற்றிய ஆய்வு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இதுவரை மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும்தான் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள், பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்கள், பழங்குடி மக்கள், இவர்கள் பட்டியலில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். இதன் விளைவு பெரியது, ஆய்வில் இல்லாதவர்களுக்கு அதன் முடிவு பொருந்தாமல் போகலாம். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது கண்டுபிடிக்காமல் விடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அதனால் இந்த மக்களோடு நீண்ட காலமாக வேலை செய்கிற ஓர் அமைப்பிடம் பேசிப் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார்கள், ஆனால் பிடி கொடுக்கவில்லை. எப்படி அணுகுவது?

களப்பணி:
நீங்கள் அவர்களிடம் என்ன கேட்டீர்கள்? "எங்களுக்கு இத்தனை பேர் வேண்டும், சேர்த்துத் தர முடியுமா" என்றுதான் கேட்டிருப்பீர்கள் என்றால் அவர்கள் நழுவியதில் ஆச்சரியமே இல்லை. அது ஆள் பிடிக்கிற வேலை, அதற்குக் கூட்டாளி தேவையில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸில் முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஆய்வைப் பாருங்கள். முடிவு 2018இல் வந்தது. 52 கடைகள், ரத்த அழுத்தம் அதிகமாக இருந்த 319 கறுப்பின ஆண்கள். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர் "டாக்டரைப் போய்ப் பாருங்கள், உணவைக் கவனியுங்கள்" என்று வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொன்னார். மற்ற கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்து, மருத்துவரின் ஒப்புதலோடு அங்கேயே மருந்து கொடுத்துக் கவனித்துக்கொண்டார். ஆறு மாதத்தில் முதல் வகைக் கடைகளில் மேல் அழுத்தம் சராசரியாக 9 புள்ளி இறங்கியது, மருந்தாளுநர் வந்த கடைகளில் 27. நம்பிக்கையான மனிதர் இரண்டு இடத்திலும் இருந்தார், கவனியுங்கள். அவர் வாய்ச்சொல் மட்டும் போதவில்லை, அவர் இருக்கிற இடத்துக்குச் சிகிச்சையும் வந்தபோதுதான் பெரிய மாற்றம் தெரிந்தது. ஆகவே நீங்கள் அங்கே கொண்டுபோவது என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வேர்கள்:
நான் உங்கள் கேள்விக்கு மறுபக்கத்தில் இருக்கிறேன், இப்படி ஓர் அமைப்பில் வேலை செய்கிறேன். ஆய்வு முடிந்ததும் நீங்கள் போய்விடுவீர்கள், நாங்கள் மறுநாளும் அதே வீடுகளுக்குத்தான் போக வேண்டும். ரத்தம் எடுத்தார்களே என்ன ஆச்சு என்று எங்களிடம்தான் கேட்பார்கள்.

அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடி மக்கள் விஷயம் தெரியுமா? 1990 வாக்கில், தங்களிடையே சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் ரத்தம் கொடுத்தார்கள். அவர்களோடு பல வருடம் பழகிய மானுடவியல் ஆய்வாளர் ஒருவர் வழியாகத்தான் மரபணு ஆய்வாளர்கள் உள்ளே வந்தார்கள். பிறகு அதே ரத்தம் மனச்சிதைவு பற்றியும், அந்த மக்களின் பூர்வீகம் பற்றியும் ஆராயப் பயன்பட்டது, கொடுத்தவர்களுக்குத் தெரியாமலேயே. வழக்குப் போட்டார்கள். 2010இல் அந்த ஆய்வாளர்களின் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்தது, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. இழந்த நம்பிக்கைக்கு அதெல்லாம் ஈடாகுமா?

எனவே எங்களைப் போன்றவர்கள் மனதில் இருக்கும் கேள்விகள் இவை: மாதிரி எங்கே இருக்கும், வேறு எதற்கும் எடுப்பீர்களா, எங்கள் ஊழியரின் நேரத்துக்குச் சம்பளம் பட்ஜெட்டில் இருக்கிறதா (போக்குவரத்துச் செலவு மட்டும் தருவதாகச் சொல்பவர்களே அதிகம்), கேள்வித்தாளை மாற்றச் சொன்னால் மாற்றுவீர்களா, வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை உண்டா. அதோடு, சோதனையில் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தால் அவரை எங்கே அனுப்புவீர்கள்? இதற்கு மட்டுமாவது நேரான பதில் இல்லாமல் வராதீர்கள்.

அளவுகோல்:
வேர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எல்லாரும் நம்புகிற ஆள் கூட இருந்தாலே அந்த ஆய்வு நேர்மையானது என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் டஸ்கிகீ ஊரில் நடந்த ஆய்வில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்களே, அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும்கூட! அங்கே அவர்களை ஆய்விலேயே தொடர்ந்து வைத்திருந்தது மக்கள் மதித்த ஒரு கறுப்பின செவிலியர். கூடவே இலவசச் சாப்பாடு, வண்டி, இறுதிச் சடங்குக்குப் பணம். அமைப்பின் தலைவர் சரி என்றதும் ஊரே சரி என்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்புதலை ஒவ்வொருவரிடமும் தனியாக, அமைப்பின் ஆள் பக்கத்தில் இல்லாதபோது வாங்குங்கள். மறுத்தாலும் அமைப்பிடமிருந்து கிடைக்கிற உதவி நிற்காது என்று வாயாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஓர் அமைப்புக்கு அறிமுகமானவர்கள் மட்டும் வந்தால் அதுவும் ஒரு பக்கச் சாய்வுதான். முடிந்தால் இரண்டு மூன்று அமைப்புகளோடு பேசுங்கள்.

மருதம்:
எல்லாருக்கும் நன்றி. சிக்கல் என்னவென்றால், எங்கள் ஆய்வுத் திட்டம் நெறிமுறைக் குழுவில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றுவிட்டது, நிதியும் ஒதுக்கியாகிவிட்டது. இப்போது எதை மாற்ற முடியும்?

வேர்கள்:
நிறைய மாற்றலாம். தகவல் தாள், ஆள் சேர்க்கும் முறை, பார்க்கும் நேரம், இடம், இதற்கெல்லாம் குழுவிடம் திருத்தம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அது வழக்கமான வேலைதான். நிதி கொடுத்தவரிடம் ஒரு தலைப்புப் பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கென்று தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். சின்ன ஆவணம்தான், உங்கள் குழுவில் எல்லாரையும் படிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த அமைப்பிடம் திரும்பப் போகும்போது உங்கள் தலைமை ஆய்வாளரையும் அழைத்துக்கொண்டு போங்கள். மாதிரி, பணம், முடிவை யார் முதலில் பார்ப்பது, இதற்கெல்லாம் உங்களால் வாக்குக் கொடுக்க முடியாது, அவரால் முடியும்.