நர்சிங் முடித்தால் நேராக டாக்டர் ஆகலாமா?

வெண்ணாற்றங்கரை: அக்கா மகள் மன்னார்குடி பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் நீட் மார்க் எட்டவில்லை. வீட்டுக்கே வந்த ஏஜென்ட் ஒருவர், பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம் படித்தால் அப்புறம் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷத்தில் உட்கார்ந்துவிடலாம் என்கிறார். அத்தான் குறுவை நெல் விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டத் தயாராகிவிட்டார். நம்பலாமா?

குடவாசல்காரன்: பைசா கொடுக்காதீங்க. நம் நாட்டில் அப்படி ஒரு குறுக்குவழியே கிடையாது. நர்சிங் முடித்தவரும் நீட் எழுதி முதல் வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். டாக்டர் ஆசை இருக்கிற பிள்ளையை நர்சிங்கில் தள்ளினால் ஆயுசு முழுக்க டாக்டர் சொன்னதைச் செய்துகொண்டு இருக்க வேண்டியதுதான். இன்னொரு தடவை நீட் எழுதட்டும்.

ஐசியூ அக்கா: ஏஜென்ட் புளுகுகிறார், அதுவரை சரி தம்பி. மற்றது ஐசியூவை வெளியில் நின்று பார்த்தவர் பேச்சு. நடுராத்திரி வென்டிலேட்டர் அலாரம் அடிக்கிறது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. குழாயில் சளி அடைத்திருக்கிறதா, குழாய் நகர்ந்துவிட்டதா, நோயாளி அதைக் கடிக்கிறாரா என்று பார்த்து, டாக்டருக்குச் சொல்லி அனுப்பிய கையோடு சக்‌ஷன் போட்டு சளியை உறிஞ்சி எடுப்பது யார்? பி.எஸ்சி. முடித்து ஐசியூ அனுபவம் இருந்தால் நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் என்று, தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸுகளுக்கு இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பே இருக்கிறது.

குடவாசல்காரன்: படிப்பு இருக்கு, போஸ்ட் எங்கே அக்கா? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவில் அரசு மெடிக்கல் காலேஜுக்குக் குறைவில்லை, அந்தப் பெயரில் ஒரு வேலை விளம்பரம் என் கண்ணில் பட்டதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற எம்.ஆர்.பி. தேர்வில் வருகிற நர்ஸுகளே தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள்.

ஐசியூ அக்கா: அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அது அரசு மேல். படிப்பு என்ன செய்யும்? அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பதற்கே தனியாக நர்ஸுகள் இருக்கிறார்கள், தெரியுமா?

தஞ்சாவூர் டூ துபாய்: அதை ஏஜென்ட் மாதிரி பாதியோடு நிறுத்தாதீங்க அக்கா. அதற்கு அந்த ஊர் நர்ஸ் லைசன்ஸ் தேர்வு, ஒரு வருஷமாவது ஐசியூ அனுபவம் எல்லாம் வேண்டும். 2022 முதல் அதில் புதிதாகச் சேர்கிறவர்கள் முனைவர் பட்ட அளவிலேயே படிக்க வேண்டும். செலவும் விசாவும் தனிக் கதை. ஜெர்மனி என்றால் மொழி படித்தாக வேண்டும். இங்கே வளைகுடாவில் நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய, பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான், ஆனால் ஊரில் வீடு கட்டியிருக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை: சரி, நர்சிங் என்றே முடிவானால் எங்கே சேர்ப்பது?

ஐசியூ அக்கா: முதலில் அரசு கவுன்சலிங்கில் விண்ணப்பியுங்கள், ஏஜென்ட் தேவையே இல்லை. தனியார் என்றால் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், எம்.ஜி.ஆர். பல்கலைக்கழக இணைப்பு இரண்டையும் பாருங்கள். பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், அங்கே நோயாளி படுத்திருக்கிறாரா, வெறும் கட்டில்தானா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

குடவாசல்காரன்: அதற்கு முன்னால் அந்தப் பெண்ணைக் கேளுங்கள். இவ்வளவு நேரம் அத்தானும் ஏஜென்டும்தான் பேசியிருக்கிறார்கள். அவளுக்கு டாக்டர்தான் ஆக வேண்டும் என்றால், நான் இப்பவும் நீட்தான் என்பேன்.