சுக்கினி ஃபிரீசரில் வைத்தால் சொதசொத ஆகிறது, உதவி வேண்டும் (அவசரம்)

தோட்டக்கிறுக்கு:
வணக்கம். வீட்டில் காய்த்த சுக்கினியை (பூசணி வகைக் காய்) ஃபிரீசரில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் சொதசொதவென்று தண்ணீராக ஊற்றுகிறது. பீன்ஸும் வைத்தேன், அதில் வைக்கோல் வாடை. செடியில் இன்னும் காய் தொங்குகிறது, நாளைக்குப் பறித்தாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்புழு:
வெட்டி வைத்தீர்களா, முழுசாகவா? பச்சையாகவா, வெந்நீரில் போட்டா? எத்தனை நாள் ஆச்சு? ஒன்றுமே சொல்லவில்லையே.

வெண்டைரசிகை:
ஃபிரீசர்தான் கோளாறு. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு. உள்ளே மைனஸ் 18 டிகிரி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

பழையகை:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ப்ளாஞ்ச் செய்திருக்க மாட்டார், அதாவது கொதிநீரில் சற்றே போட்டெடுத்து உடனே குளிரவைத்திருக்க மாட்டார், வேறென்ன. குளிர் காயில் உள்ள நொதிகளை (என்சைம்) மந்தமாக்கும், அழிக்காது. உறைந்த காயிலும் அவை மெல்ல வேலை பார்த்து நிறம், மணம் எல்லாவற்றையும் கெடுக்கும். அரை அங்குல சுக்கினி வில்லைக்குக் கொதிநீரில் 3 நிமிடம், பீன்ஸுக்கு 3, உரித்த பட்டாணிக்கு ஒன்றரை. அடிப்படை தெரியாமல் இறங்கினால் இப்படித்தான்.

நீலாம்பல்:
ப்ளாஞ்ச் செய்தாலும் சுக்கினி மெத்தென்றுதான் ஆகும் சார், ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். அது உறைந்து படிகமாகும்போது செல் சுவர் கிழிகிறது. மெதுவாக உறைந்தால் படிகம் பெரிசு, கிழிசலும் பெரிசு. தோட்டக்கிறுக்கு, ஒரே நேரத்தில் எவ்வளவு திணித்தீர்கள்?

தோட்டக்கிறுக்கு:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சுக்கினி பச்சையாக, 4 கிலோ, ஒரே இரவில். காய் முழங்கை நீளம். பீன்ஸை வெந்நீரில் முக்கினேன், அரை நிமிடம் இருக்கும். சூட்டோடு பையில் கட்டிவிட்டேன். சமைப்பதற்கு முன் எல்லாவற்றையும் வெளியே வைத்து உருகவிட்டேன்.

மண்புழு:
அடடா, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! பீன்ஸ் கதை தெளிவு: அரைகுறையாக வெந்நீர் காட்டுவது காட்டாமலே விடுவதைவிட மோசம், நொதி அடங்காமல் உசுப்பேறும். அரை கிலோவுக்கு 4 லிட்டர் தண்ணீராவது வையுங்கள். காயைப் போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கொதிக்க வேண்டும். கொதித்த பிறகுதான் நேரம் எண்ணவேண்டும். எடுத்ததும் ஐஸ் தண்ணீர், அப்புறம் துணியில் ஒற்றி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக. மொத்தமாகத் திணித்தால் ஃபிரீசர் மூச்சுத்திணறும்.

முழங்கை நீளக் காயின் நடுப்பகுதி பஞ்சு. விதையோடு வழித்து எறிந்துவிட்டு மீதியைத் துருவி, ஆவியில் 1, 2 நிமிடம் காட்டி, ஆறியதும் ஒருவேளைக்கு வேண்டிய அளவில் கட்டுங்கள். சூப்புக்கோ மாவில் கலக்கவோ சொதசொத ஆனால் என்ன? வில்லைகளை உருகவிடாமல் அப்படியே சூடான சட்டியில் போடுங்கள்.

வெண்டைரசிகை:
நான் சுக்கினியை, அதாவது சீமைச் சுரைக்காயை, வெந்நீரெல்லாம் காட்டாமல்தான் வைக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

பழையகை:
சுரைக்காய் இல்லை அம்மா. சுக்கினி பூசணிப் பேரினம், குக்கர்பிட்டா பெப்போ. சுரை லாகெனேரியா என்ற வேறு பேரினம். பெயரையாவது சரியாகச் சொல்லலாமே.

வெண்டைரசிகை:
இரண்டும் ஒரே குடும்பம்தானே?

பழையகை:
பூனையும் புலியும்கூட ஒரே குடும்பம். புலியை மடியில் வைத்துக் கொஞ்சுவீர்களா?

நீலாம்பல்:
பூனை, புலியை விடுங்கள். ஒரு மனுஷர் நாளைக்குக் காய் பறிக்க வேண்டும்.

கறிவேப்பிலைக்காரன்:
நடுவில் ஒரு கேள்வி. குடைமிளகாய், தக்காளி, வெள்ளரி?

மண்புழு:
குடைமிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் பச்சையாகவே வைக்கலாம். தக்காளியை முழுசாக வைக்கலாம், உருகும்போது தோல் தானாகக் கழன்றுவிடும், குழம்புக்கு மட்டும்தான் ஆகும். வெள்ளரியைத் தொடாதீர்கள்.

பழையகை:
இந்த இழை சுக்கினிக்கானது. வெள்ளரிக்குத் தனி இழை போடவும்.

தோட்டக்கிறுக்கு:
ரெண்டு வாரம் கழித்து வருகிறேன். துருவல் நன்றாக வந்தது, வில்லை பரவாயில்லை. பழைய பீன்ஸ் உரக்குழிக்குப் போய்விட்டது. ரப்பரையும் பார்த்தேன், அதுவும் தளர்ந்துதான் இருந்தது.

வெண்டைரசிகை:
நான் சொன்னேன்ல!