‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’: கேட்டவர்களும் வாசித்தவர்களும் அந்த ஏரிக்கரையைப் பார்த்தவர்களும்

லோசான், சுவிஸ்

நான் இருப்பது லோசானில். மோன்ட்ரூவுக்கு ரயிலில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். எல்லாரும் குயின் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடப் பார்ப்பார்கள். அதற்குக் கிட்டவே இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பெயர், ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்ற அவர்களின் பாட்டின் பெயர், அதோடு அந்தப் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிற்றார் துணுக்கின் சுரங்கள். கிற்றார் பழகத் தொடங்குகிற பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் வாசித்துப் பார்க்கிற சுரங்கள் அவை. அது பிறந்தது இந்தக் கரையில்தான் என்று சொன்னால் கனபேருக்குப் புதினமாக இருக்கிறது. அதனால் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

1971 டிசம்பர். டீப் பர்ப்பிள் இங்கே வந்தது இசைத்தட்டுப் பதிவுக்காக. மோன்ட்ரூ கசினோவைக் குளிர்காலத்துக்கு மூடிவிடுவார்கள். ஆளில்லாத அந்த மண்டபத்தில், மேடையில் வாசிப்பதுபோலவே முழுச் சத்தத்தில் வாசித்துப் பதியலாம் என்பது திட்டம். ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்ரூடியோ லொறியையும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். மூடுவதற்கு முன் அங்கே நடந்த கடைசிக் கச்சேரி அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவுடையது. 4ஆம் திகதி, சனிக்கிழமை. கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் சபையில் இருந்த யாரோ ஒருவர் ஃபிளேர் துப்பாக்கியால் (ஒளிச்சமிக்ஞை விடுகிற துப்பாக்கி) கூரையைப் பார்த்துச் சுட்டுவிட்டார். கூரைக்குப் பிரம்புப் பின்னல் போட்டிருந்தார்கள். நெருப்புப் பிடித்துக்கொண்டது. ஸப்பா பதறாமல் மேடையிலிருந்தே எல்லாரையும் அமைதியாக வெளியேறச் சொன்னார். கச்சேரியை ஒழுங்குசெய்த குளோட் நோப்ஸ் உள்ளுக்கும் வெளியுக்குமாக ஓடி, மாட்டிக்கொண்ட பிள்ளைகளை இழுத்து வந்தார். 1967இல் மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர் இவர்தான். ஒரு உயிரும் போகவில்லை. கசினோவும் ஸப்பா குழுவின் வாத்தியங்களும் மிஞ்சவில்லை.

கச்சேரிக்கு வந்திருந்த பர்ப்பிள் ஆட்கள் வெளியே வந்து, ஹோட்டலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கின காற்று புகையைத் தண்ணீருக்கு மேலே பரப்பிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ் அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அடுத்த நாள் தகப்பனோடு கரைக்குப் போனபோது, ஏரி அலை ஒதுக்கின கருகின மரத்துண்டுகள் கல்லுக்கல்லாகக் கிடந்தன என்று சொன்னா. அந்தப் பாட்டு ரேடியோவில் போனால் இன்றைக்கும் அவவுக்கு அந்தக் கரிதான் நினைவு வருமாம்.

சில நாள் கழித்து பேஸ் கிற்றார் வாசிக்கிற ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்பும்போது வாயில் வந்த சொற்கள்தான் பாட்டின் தலைப்பு: ‘தண்ணீருக்கு மேலே புகை’. போதைப்பொருள் பாட்டுப்போல இருக்கிறதே என்று பாடகர் இயன் கில்லன் முதலில் தயங்கினார்.

கசினோ போனபின் அவர்கள் பவிலியன் என்ற அரங்குக்குப் போனார்கள். கிற்றார் வாசிக்கிற ரிச்சி பிளாக்மோரின் அந்த ரிஃபை வைத்து ஒரு மெட்டை இரவில் வாசித்தார்கள். சத்தம் தாங்காமல் அயலவர்கள் முறைப்பாடு செய்ய, பொலிஸ் வந்துவிட்டது. குழுவின் உதவியாட்கள் கதவை உள்ளேயிருந்து அமத்திப் பிடித்துக்கொண்டிருக்க, பதிவு முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே இடமில்லை. குளிர்காலத்துக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலுக்குப் போய், நடைவழியில் மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தை அடக்கி, மிச்சப் பாட்டுகளைப் பதிந்தார்கள். லொறிக்குப் போய்க் கேட்டுப்பார்ப்பதென்றால் அறைகளுக்குள்ளாலும் பல்கனிகளுக்குள்ளாலும் போகவேண்டும். அலுத்துப்போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்களாம். கடைசியில் ஆல்பத்தை நிரப்பப் பாட்டுகளின் நீளம் போதாமல் இருந்தது. பவிலியனில் பதிந்த மெட்டு கையில் இருக்கிறதே என்று அதற்கு வரிகள் எழுதினார்கள்.

அந்த வரிகளை ஒருக்கால் கவனித்துக் கேளுங்கள். எங்கே வந்தோம், எதற்கு வந்தோம், மேடையில் யார், தீ எப்படிப் பிடித்தது, யார் காப்பாற்றினார், பிறகு எங்கே போய்ப் பதிந்தோம். நடந்தது நடந்த ஒழுங்கில் இருக்கிறது. நெருப்புக்குள் ஓடின மனிசனின் பெயரும் இருக்கிறது. நோப்ஸ் 2013 ஜனவரியில் காலமானார். பெரிய பெரிய இசைக்கலைஞர்களை இந்தச் சின்ன ஊருக்குக் கொண்டுவந்தவர். என்றாலும் உலகம் அவரை அறிந்தது இந்த ஒரு வரியால்தான். ஒரு பாட்டு ஒரு மனிதருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னை

கிட்டார் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்பில் சேர்கிற பிள்ளைகள் பாதிப்பேர் இந்த ரிஃபை யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். “சார், இது எனக்குத் தெரியும்” என்று வாசித்தும் காட்டுவார்கள். நான் சலித்துக்கொள்வதே இல்லை. சுருக்கமான அந்த நாலு ஸ்வரத்துக்குள் சொல்லித்தர அவ்வளவு இருக்கிறது.

பெரும்பாலோர் பவர் கார்டு (ஆதார ஸ்வரமும் பஞ்சமமும் சேர்ந்த பிடி) பிடித்து, பிக் என்ற சிறு வில்லையால் மேலிருந்து கீழே அடிப்பார்கள். பிளாக்மோர் அப்படி வாசிக்கவில்லை. டி, ஜி என்ற இரண்டு கம்பிகள் மட்டும். முதலில் இரண்டையும் பிடிக்காமல் வெறுமனே மீட்ட வேண்டும். பிறகு மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் விரல் வைக்கும் கட்டம்), ஐந்தாம் ஃப்ரெட். அடுத்த சுற்றில் மூன்று, ஆறு, ஐந்து. வலது கையில் பிக் கிடையாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கிள்ளி எடுக்கின்றன. பிக்கால் அடித்தால் ஒரு கம்பி முந்தும், ஒன்று பிந்தும். காதுக்குப் பிடிபடாத இடைவெளிதான், ஆனால் அந்த ‘நச்’ போய்விடும். பவர் கார்டில் ஆதார ஸ்வரம் அடியில் உட்கார்ந்திருக்கும். இங்கே அது மேலே இருக்கிறது, கீழே பஞ்சமம் ஒலிக்கிறது. அதனால்தான் அந்த ரிஃப் எங்கேயும் இறங்கி நிற்காமல் தொங்கிக்கொண்டே இருப்பதுபோல் கேட்கிறது.

கர்நாடக சங்கீதம் தெரிந்த பிள்ளைகளிடம் இதை வேறு மாதிரிச் சொல்வேன். மேல் ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், அடுத்து வருவது சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். இரண்டாம் சுற்றில் பிரதி மத்யமத்தைத் தொட்டுவிட்டுச் சுத்த மத்யமத்துக்கு இறங்குகிறது. இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து! வீணை வாசிக்கிற வீட்டிலிருந்து வருகிற ஒரு மாணவி, அதைப் பாடிப் பார்த்துவிட்டு, மேற்கத்திய இசை என்றாலே காட்டுக்கத்தல் என்று நினைத்துக்கொண்டிருந்த தன் பாட்டிக்கும் போய்ப் பாடிக் காட்டினாள். ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலிருந்து வந்த ஸ்வரம் அது. அந்த ஒரு அரை ஸ்வரம்தான் ரிஃபின் உயிர்.

இன்னொன்று. இந்த ரிஃப் கிட்டார் மட்டும் என்று நினைப்பவர்கள் ஆர்கன் வாசித்த ஜான் லார்டை மறந்துவிடுகிறார்கள். ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப் என்ற கிட்டார் ஒலிபெருக்கி வழியாக விட்டு, அதையும் கிட்டார்போல் கரகரக்க வைத்தார். முதலில் கிட்டார் தனியாக. அப்புறம் டிரம்ஸ் வாசிக்கிற இயன் பெய்ஸின் ஹை-ஹேட் தாளத்தட்டு, ஆர்கன், முழு டிரம்ஸ். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் பேஸ். நல்ல ஹெட்ஃபோனில் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். பேஸ் நுழைகிற இடத்தில் தரை வந்து காலில் ஒட்டிக்கொள்ளும்.

சிங்கப்பூர்

நான் கட்டடத் தீப்பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். லோசான் அண்ணன் ‘பிரம்புக் கூரை’ என்று எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தீ நடந்ததற்குச் சுமார் ஓராண்டு முன்பு, 1970 நவம்பர் 1 அன்று, பக்கத்து நாடான பிரான்ஸில், சாங்-லோராங்-டு-போங் என்ற சிற்றூரின் நடனக்கூடம் எரிந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளவயதினர். வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. பின்னால் 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், மேடையில் விட்ட வாணம் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றி 100 பேர் போனார்கள். மூன்றும் ஒரே வகை. இளைஞர்கள் நிறைந்த மூடிய அரங்கு, எளிதில் பற்றும் அலங்காரம், ஒரு பொறி.

மோன்ட்ரூவில் யாரும் சாகாததற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. மேடையில் இருந்தவர் நிதானமாகப் பேசினார். பெரிய கண்ணாடிச் சன்னலை உடைத்து வழி உண்டாக்கினார்கள். இடம் தெரிந்த ஒருவர் திரும்பத் திரும்ப உள்ளே போனார். எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்வதும் இதைத்தான்: கூட்டத்தின் முன் மைக் வைத்திருப்பவர் பதறினால் கூட்டம் மிதிபடும். அரங்கப் பணியாளர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இந்தப் பாட்டை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பேசுவேன். தீ எப்படித் தொடங்கியது, யார் என்ன செய்தார் என்பது பாட்டிலேயே இருக்கிறது. படக்காட்சி போட்டு விளக்கும்போது பின்வரிசையில் தூங்குபவர்கள்கூட இதற்கு நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஸப்பாவுக்குத்தான் அந்த மாதம் கொடியது. வாத்தியமெல்லாம் போய், ஆறே நாளில் லண்டன் ரெயின்போ அரங்கில் சபையிலிருந்த ஒருவர் அவரை மேடையிலிருந்து தள்ளிவிட்டார். பல மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார்.

ஹூஸ்டன்

எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் பொறியியல் படித்தேன். விடுதியில் ஓர் அறையில்தான் டேப் ரிக்கார்டர் உண்டு. பதிவிலிருந்து பதிவெடுத்து, இரைச்சல் பாதி இசை பாதியாக வந்து சேர்ந்த கேசட் ஒன்றில் டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ இருந்தது. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு. நாங்கள் முதலில் கேட்டது அந்த மேடைப் பதிவைத்தான். ஸ்டுடியோ வடிவத்தைப் பிறகு கேட்டபோது எனக்கு உப்புக் குறைந்த மாதிரி இருந்தது, இன்றும் மேடைப் பதிவுக்குத்தான் என் ஓட்டு.

இந்தப் பாட்டு வரவேற்புப் பெற்ற விதத்தை எண்ணினால் வியப்பாக இருக்கும். ‘மெஷின் ஹெட்’ ஆல்பம் வந்தது 1972 மார்ச்சில். அதிலிருந்து தனித்தட்டாக வெளியிட அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டை. மெனக்கெட்டு உருவாக்கிய அந்தப் பாட்டை இன்று தேடித்தான் கேட்க வேண்டும். நேரம் நிரப்பச் சேர்த்த பாட்டோ மேடைக்கு மேடை வளர்ந்தது. அமெரிக்காவில் 1973 மேயில் தனித்தட்டாக வந்து, கோடையில் அங்குள்ள பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 4ஆம் இடம் பிடித்தது. அவர்களின் சொந்த நாடான பிரிட்டனில் 1977 வரை தனித்தட்டே வரவில்லை! கேட்பவர்கள்தான் இந்தப் பாட்டை மேலே கொண்டுவந்தார்கள், கம்பெனி பின்னால் வந்தது. 2007இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி இந்த ரிஃபை ஒன்றாக வாசித்தார்கள்.

தென்காசி

வயதில் சின்னவன் நான். ராக் இசையோடு பெரிய பழக்கம் கிடையாது. ஆனால் ஆர்மீனியாவில் யெரெவானில் மருத்துவம் படித்தேன், இந்தப் பாட்டை அறிந்தது அங்கேதான்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பெரியவர் 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்தில் அந்நாட்டின் கியும்ரி நகரில் உறவினர்களைப் பறிகொடுத்தவர். சுமார் 25,000 பேர் மாண்ட துயரம் அது. மறுவருடம் லண்டனில் இயன் கில்லன், டோனி அயோமி, பிரையன் மே, டேவிட் கில்மர், புரூஸ் டிக்கின்சன் எனப் பல ராக் இசைக்கலைஞர்கள் கூடி, ஆர்மீனிய நிவாரணத்துக்கு நிதி சேர்க்க இதே பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்தார்கள். பிளாக்மோரும் வாசித்தார். பெரியவர் அந்தத் தட்டை வைத்திருந்தார். அட்டையின் ஓரம் நைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. டிசம்பர் 7 அன்று மட்டும் எடுத்துப் போடுவார். பக்கத்து வீட்டார் வந்து உட்காருவார்கள், யாரும் பேசுவதில்லை. ஆங்கில வரிகள் அவர்களில் பலருக்குப் புரியாது. தங்கள் ஊர் இடிந்து கிடந்தபோது வெளியிலிருந்து கேட்ட குரல் என்று மட்டும் தெரியும்.

கில்லனை அங்கே தங்களில் ஒருவராகவே பேசுகிறார்கள். ஒரு தட்டோடு அவர் நின்றுவிடவில்லை. 2011இல் அவரும் அயோமியும் மறுபடி சேர்ந்து பாட்டு வெளியிட்டு, அந்தப் பணத்தைக் கியும்ரியில் ஓர் இசைப்பள்ளி கட்டக் கொடுத்தார்கள். 2013இல் பள்ளி திறந்தது. படிப்பு முடித்து ஊர் திரும்புவதற்கு முன் பெரியவர் என்னை அங்கே அழைத்துப் போனார். உள்ளே ஒரு சிறுமி பியானோவில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். தப்பு வரும்போதெல்லாம் ஆசிரியை மேசையைத் தட்டி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பெரியவர் வராந்தாவில் நின்று முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.