வாய்க்கால்ல கெண்டை, குறவை எல்லாம் காணோம், மீன் குஞ்சு வாங்கி விடலாமா?

வயக்காட்டான்:
வணக்கம், மன்னார்குடி பக்கம் 4 ஏக்கர், குறுவை சம்பா ரெண்டும் போடுறோம். முன்னாடிலாம் புதுத்தண்ணி வந்ததும் ராத்திரி மடைவாயில பறி வெச்சா காலைல குழம்புக்கு ஆகுற அளவு கெண்டையும் குறவையும் கெடக்கும், இப்ப ஜிலேபி மீன்தான் விழுது, அதுவும் பொடிப்பொடியா. நத்தையும் கம்மி, தவளை சத்தமும் கம்மி. பண்ணைக்குட்டை வெட்டிருக்கேன், அதுல குஞ்சு விட்டு வாய்க்காலுக்கும் போகவிட்டா பெருகுமா? ஒருத்தர் ஆப்பிரிக்கன் கெளுத்தி குஞ்சு தரேங்குறார், சீக்கிரம் வளருமாம்.

மடுமீன்:
கெளுத்திய தொடவே தொடாதீங்க ப்ரோ, 2000லயே மத்திய அரசு தடை பண்ணினது. காத்தை நேரா சுவாசிக்கும், மழை ராத்திரில குட்டைய விட்டு ஏறி நகர்ந்து போயிடும், வாய்க்கால்ல இறங்கிட்டா குஞ்சு, தவளை எதையும் மிச்சம் வைக்காது. ஜிலேபியவே நம்மால ஒழிக்க முடியல.

குஞ்சு வாங்குறத விட கோடைல மீன் எங்க பிழைக்குதுன்னு பாருங்க. ஜனவரி 28 மேட்டூர் மூடுனா அப்புறம் ஜூன் 12தான், அதுவும் அணைல தண்ணி இருந்தா. நடுவுல நாலரை மாசம் விரால், குறவை சேத்துல கூட தாக்குப்பிடிக்கும், கெண்டைக்கு எங்கயாச்சும் மடுவுல தண்ணி நின்னே ஆகணும். நம்மாளுங்க தூர்வாருறேன்னு ஜேசிபிய விட்டு அடிய தார் ரோடு மாதிரி வழிச்சு, கரைல கோரை நாணல் எல்லாத்தையும் சுரண்டிட்டுப் போயிடுறாங்க, அப்புறம் மீன் எங்க முட்டை வைக்கும். மதகுக்குக் கீழ இருக்குற பள்ளத்த மூடாம விடச்சொல்லுங்க, ஒரு வருஷத்துக்கு ஒரு பக்கக் கரை மட்டும் வழிச்சா போதும். காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் போகட்டும், அதுல தப்பில்ல.

கடைமடை:
சொல்றதுக்கு ஈசி சார். கோரைய விட்டா கடைமடைக்குத் தண்ணி வராது, எங்களுக்குத்தான் கஷ்டம். அப்புறம் நண்டு, வரப்புல வங்கு (பொந்து) போட்டா ராத்திரியோட ராத்திரியா தண்ணி பூரா அடுத்த வயலுக்குப் போயிடுது, குருணை மருந்து போடாம என்ன பண்றது?

நாத்தங்கால்:
வங்குல குருணை போட்டா அது தண்ணில கரைஞ்சு எங்க போகும்னு நெனக்கிறீங்க. போரேட்டு குருணைக்கு 2020 கடைசிலேர்ந்தே தடை, இன்னும் சில ஊர்ல பழைய சரக்கு ஓடுது. நடவுக்கு முன்னாடி வரப்ப நல்லா வெட்டி சேறு வெச்சுப் பூசுங்க, வங்கு பாதி கொறையும்.

அதவிட பெரிய வில்லன் நெல்லு அடித்தண்டுல சாறு உறிஞ்சுற புகையான் பூச்சிக்குன்னு அடிக்கிற சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையறா மருந்து. மீனுக்கு அது கொஞ்சம் போதும், செத்துடும். சிலந்தியும் சாகுறதால புகையான் இன்னும் ஜாஸ்தியாகும், காசு குடுத்து வாங்கிட்டு வர்ற வினை. ஒரு நெல்லுக் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா கிளைக்கு 2 புகையான் வரைக்கும் அடிக்கத் தேவையில்ல, சிலந்தி இல்லன்னா 1. நெல்லுத் தூர விலக்கி அடித்தண்டுல எண்ணிப் பாருங்க, மேல இலையப் பாத்துட்டு கடைக்கு ஓடாதீங்க. அடிச்சே ஆகணும்னா மழை இல்லாத நாளாப் பாத்து அடிச்சுட்டு அஞ்சாறு நாள் வடிகால தொறக்காதீங்க.

வயக்காட்டான்:
கெளுத்திக்காரர்ட்ட வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா எங்களுக்கு வயலுக்கு வயல் பாய்ச்சல், மேல் வயல்காரர் அடிச்சது என் வயல் வழியாத்தான் வடியுது. அவர்ட்ட எப்படிப் பேசுறது?

நாத்தங்கால்:
மீன்னு ஆரம்பிக்காதீங்க, சிரிப்பார். புகையான்னு ஆரம்பிங்க, மருந்துக் கடை பாக்கி அவருக்கும் இருக்கும்ல.